வான்லாக்ஹெட்: ஈயச் சுரங்கமும் தொழிலாளர் நூலகமும்

ஸ்காட்லாந்தின் மிக உயரமான ஊர் எது என்று கேட்டால், வடக்கே நெடிதுயர்ந்து நிற்கும் ஹைலண்ட்ஸ் மலைப்பகுதியில் விடை தேடுவது இயல்பு. ஆயினும் அந்தச் சிறப்பு, நாட்டின் தெற்கே டம்ஃப்ரீஸ் வட்டாரத்தில் லௌதர் குன்றுகளிடையே ஏறத்தாழ 460 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள வான்லாக்ஹெட் என்னும் சிற்றூருக்கே உரியது. ஹைலண்ட்ஸ் ஊர்கள் பயிர் விளையும் பள்ளத்தாக்குகளையும் மீன் கிடைக்கும் கடற்கரைகளையும் நாடித் தாழ்நிலங்களிலேயே உருவானவை; வான்லாக்ஹெட்டோ பயிருக்காகவும் மீனுக்காகவும் தோன்றிய ஊரன்று, மலைக்குள் புதைந்து கிடந்த ஈயத்துக்காக மலையேறிச் சென்று குடியமர்ந்தவர்களால் உருவானது. அங்கிருந்து 2 கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான தொலைவில், லானர்க் வட்டாரத்தின் எல்லைக்குள், லெட்ஹில்ஸ் என்னும் மற்றொரு சுரங்க ஊர் உள்ளது. வட்டாரம், நிலவுடைமையாளர், குத்தகை நிறுவனம் ஆகிய மூன்றிலும் வேறுபட்டிருந்தாலும், இவ்விரு ஊர்களின் வரலாறும் ஒன்றையொன்று விட்டுப் பிரித்துச் சொல்ல இயலாதபடி பின்னிக் கிடக்கிறது.

நிலமும் நீரும்

ஸ்காட்லாந்தின் தென்பகுதியில் கிழக்கு மேற்காகப் பரந்து கிடக்கும் மேட்டுநிலத்தின் ஒரு பகுதியே லௌதர் குன்றுகள். இவற்றுள் கிரீன் லௌதர் 732 மீட்டரும், லௌதர் ஹில் 725 மீட்டரும் உயரமுடையவை. செங்குத்துப் பாறைகளும் கூர்மையான சிகரங்களும் இங்கு அரிது. புல்லும் ஹெதர் எனப்படும் ஊதாப்பூப் புதரும் போர்த்திய, உருண்ட தோள்களையுடைய குன்றுகளே கண்ணுக்கெட்டிய வரை தெரியும். இரு ஊர்களுக்கும் இடையிலுள்ள மேடு ஒரு நீர்பிரி முகடாகும். அதன் ஒரு புறம் பெய்யும் மழை வான்லாக் ஓடையாக இறங்கி, கிராயிக் ஓடையில் கலந்து, சாங்கர் நகரருகே நித் ஆற்றைச் சேர்ந்து தெற்கே சால்வே கழிமுகத்தை அடைகிறது. மறுபுறம் பெய்யும் மழை கிளென்கொன்னர் ஓடை வழியாகக் கிளைடு ஆற்றில் கலந்து கிளாஸ்கோ நகரின் ஊடே மேற்குக் கடலுக்குச் செல்கிறது. நித் பள்ளத்தாக்கிலிருந்து வான்லாக்ஹெட்டுக்கு ஏறும் மென்னக் கணவாய், இருபுறமும் குன்றுகள் நெருக்க, ஓடையை ஒட்டி வளைந்து வளைந்து செல்லும் வழியாகும்.

இக்குன்றுகளின் பாறைகள் ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு பழங்கடலின் அடியில் படிந்த மணலும் சேறும் இறுகி உருவானவை. பின்னர் நிலம் மடிந்து பிளந்தபோது, உலோக உப்புகள் கரைந்த வெந்நீர் ஆழத்திலிருந்து அந்தப் பிளவுகளின் வழியே மேலேறி, குளிர்ந்து, தாதுவைப் படிய விட்டுச் சென்றது. இவ்வாறு பாறைப் பிளவுகளில் தகடு போல நிமிர்ந்து நிற்கும் தாதுப் படிவையே சுரங்கத் தொழிலாளர் நரம்பு என்பர். இங்குள்ள நரம்புகளில் முதன்மையானது கலீனா எனப்படும் ஈயக் கந்தகத் தாது. வெள்ளி போல மினுங்கும் இதனுள் சிறிதளவு வெள்ளியும் கலந்திருக்கும். ஈயத் தாது மேற்பரப்பு நீரோடும் காற்றோடும் வினைபுரிந்து பல அரிய கனிமங்களாக மாறியிருப்பதால், இந்த வட்டாரம் உலகெங்குமுள்ள கனிமவியலாளரின் கவனத்தைப் பெற்றது. லெட்ஹில்லைட், லானர்கைட், கலிடோனைட், சூசன்னைட் என்னும் கனிமங்கள் இங்கிருந்தே முதன்முதலாக அறிவியல் உலகுக்கு அறிமுகமாயின. அவற்றின் பெயர்களும் இந்த ஊர், வட்டாரம், நாடு, சுரங்கம் ஆகியவற்றிலிருந்தே எடுக்கப்பட்டவை.

பொன் தேடியவர்கள்

ஈயத்துக்கு முன்பே இக்குன்றுகளுக்குப் புகழ் தேடித்தந்தது பொன். ஓடைப் படுகைகளின் சரளைக்குள் துகள்களாகவும் சிறு கட்டிகளாகவும் கிடந்த பொன்னை அரித்தெடுக்கும் தொழில், 16ஆம் நூற்றாண்டில் அரச ஆதரவோடு நடைபெற்றது. மன்னர் ஐந்தாம் ஜேம்ஸ் 1540இல் ஸ்காட்லாந்தின் மணிமுடியைப் புதுப்பித்து அமைத்தபோது, அதற்கு வேண்டிய கூடுதல் பொன் கிராஃபோர்ட் மூர் எனப்பட்ட இந்தக் குன்றுப் பகுதியிலிருந்தே சென்றது. அந்த மணிமுடி இன்றும் எடின்பரோ கோட்டையில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் பெவிஸ் பல்மர் என்னும் ஆங்கிலேயர் உள்ளிட்ட பலர் இங்கு வந்து பொன் தேடினர். ஆனால் ஓடைப் பொன் கோடைக்காலத் தொழிலாகவே இருந்தது. பனி விழத் தொடங்கியதும் அரிப்போர் இறங்கிச் சென்றுவிட்டதால், பொன்னால் இங்கு நிலையான ஊர் எதுவும் உருவாகவில்லை.

ஈயமும் ஊரும்

நிலையான ஊரை உருவாக்கியது ஈயமே. 13ஆம் நூற்றாண்டிலேயே நியூபாட்டில் மடத்துத் துறவிகள் கிராஃபோர்ட் பகுதியில் சுரங்க உரிமை பெற்றிருந்தாலும், வான்லாக்ஹெட் ஊராக நிலைபெற்றது 1680இல் இங்கு ஈய உருக்காலையும் தொழிலாளர் குடில்களும் எழுந்த பிறகுதான். நிலம் குவீன்ஸ்பெரி பிரபுக் குடும்பத்துக்கு உரியதாக இருந்து, 1810இல் பக்ளூ டியூக் குடும்பத்துக்கு மாறியது. நிலவுடைமையாளர் தாமே சுரங்கம் நடத்தாமல், தாது எடுக்கும் உரிமையை நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட்டு, கிடைக்கும் ஈயத்தில் ஒரு பங்கைப் பெற்றுக்கொள்வது நெடுங்கால வழக்கமாயிற்று. 1842இல் பக்ளூ டியூக் சுரங்கங்களைத் தம் நேரடிப் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் வரை அது தொடர்ந்தது.

வெட்டியெடுத்த தாதுவை உடைத்து, ஓடும் நீரில் கழுவி, கனமான தாதுவைக் கல்லிலிருந்து பிரித்து, உலையிலிட்டு உருக்கி, ஈயக் கட்டிகளாக வார்ப்பர். அவற்றைக் குதிரை வண்டிகளில் ஏற்றி, கிழக்கே எடின்பரோவை அடுத்த லீத் துறைமுகத்துக்கு அனுப்புவர். ஓட்ஸ் பயிர்கூட முழுதாக முற்றாத அளவுக்குக் கோடை குறுகிய உயர்நிலத்தில் வாழ்ந்த இம்மக்களுக்கு, உணவுத் தானியம் எப்போதும் தாழ்நிலத்திலிருந்தே ஏறி வரவேண்டியிருந்தது. பனிப்பொழிவால் கணவாய் அடைபடும் குளிர்காலத்தில் அந்த வழியும் இல்லாமற்போகும்.

உருக்காலையின் புகை, சுரங்கத்தின் இருளைக் காட்டிலும் கொடியதாக இருந்தது. உலைப் பணியாளரைப் பிடித்த ஈய நஞ்சு நோய்க்கு உள்ளூர் மக்கள் மில் ரீக், அதாவது ஆலைப் புகை, என்றே பெயரிட்டிருந்தனர். கடும் வயிற்று வலியில் தொடங்கி, கை கால் செயலிழத்தல் வரை அது கொண்டுசெல்லும். புகையை ஊரிலிருந்து விலக்குவதற்காக, தரையோடு படிந்த நீண்ட புகைக்குழாய்கள் மலைச்சரிவின் மேல் வரை கட்டப்பட்டன. நிலத்தடியிலும் புகை உயிர் பறித்ததுண்டு. 1817 மார்ச் மாதம் லெட்ஹில்ஸ் சுரங்கம் ஒன்றில் நச்சுப் புகை சூழ்ந்து 7 தொழிலாளர் இறந்தனர். அப்போது அங்கு சுரங்க மருத்துவராகப் பணியாற்றிய ஜேம்ஸ் பிரெய்டு அந்த விபத்தைப் பற்றி எழுதினார். பிற்காலத்தில் ஹிப்னாடிசம் என்னும் துறைக்கு அறிவியல் அடித்தளம் இட்டவராக உலகம் அறிந்தவர் அவரே.

சுரங்க நீரும் பொறிகளும்

ஆழம் செல்லச் செல்ல ஊற்றுநீர் பெருகிச் சுரங்கத்தை நிரப்பும். ஆகவே இந்த ஊரின் தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் நீரை வெளியேற்றும் முயற்சிகளின் வரலாறாகவே அமைந்தது. மலைச்சரிவிலிருந்து கிடையாகக் குடைந்த வடிகால் புழைகள், நீர்ச் சக்கரங்கள், நீராவிப் பொறிகள் ஆகிய அனைத்தும் பயன்படுத்தப்பட்டன. 1764இல் லெட்ஹில்ஸில் பிறந்த வில்லியம் சிமிங்டன் வான்லாக்ஹெட் சுரங்கத்து நீராவிப் பொறிகளோடு பழகி வளர்ந்தவர். 1788இல் டம்ஃப்ரீஸ் அருகே டால்ஸ்வின்டன் ஏரியில் அவருடைய பொறி பொருத்திய படகு நீராவியால் ஓடியது. கால்வாய்ப் படகுகளை இழுக்க அவர் அமைத்த ஷார்லட் டண்டாஸ் என்னும் கப்பல், 1803இல் ஃபோர்த் – கிளைடு கால்வாயில் சுமைப் படகுகளை இழுத்துக் காட்டி, நீராவிக் கப்பல் வரலாற்றில் இடம்பெற்றது.

ஆனால் நீராவிப் பொறிக்கு நிலக்கரி வேண்டும். அதைத் தாழ்நிலத்திலிருந்து மலை மேல் இழுத்து வரவேண்டும். மழைக்கோ இங்கு குறைவில்லை. எனவே நீரைக் கொண்டே நீரை வெளியேற்றும் பொறி ஒன்று பயனுக்கு வந்தது. ஸ்ட்ரெயிட்ஸ்டெப்ஸ் என்னுமிடத்தில் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தகைய பொறி இன்றும் நிற்கிறது. கற்களால் கட்டிய தூணின் உச்சியில் கனத்த மர உத்தரம் ஒன்று தராசுக் கோல் போலப் பொருத்தப்பட்டுள்ளது. அதன் ஒரு முனையில் நீர்த்தொட்டி தொங்கும்; மறுமுனையில் சுரங்கக் குழிக்குள் இறங்கும் பம்புத் தண்டு தொங்கும். ஓடையிலிருந்து வரும் நீர் தொட்டியில் நிறைந்ததும், அதன் எடையால் அம்முனை கீழிறங்க, மறுமுனையிலுள்ள தண்டு மேலெழுந்து சுரங்க நீரை இழுத்து வெளியேற்றும். தொட்டி அடிமட்டத்தைத் தொட்டவுடன் அதன் அடைப்பு திறந்து நீர் வடிந்துவிட, தண்டின் எடை உத்தரத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். ஆள் துணையின்றி, எரிபொருள் இன்றி, இரவும் பகலும் இது மாறி மாறி நடந்தது. பிரிட்டனில் இவ்வகைப் பொறிகளுள் அமைத்த இடத்திலேயே எஞ்சி நிற்பது இது ஒன்றே.

ஒப்பந்தமும் ஓய்வு நேரமும்

வான்லாக்ஹெட், லெட்ஹில்ஸ் ஊர்களின் தனிச்சிறப்பு அவற்றின் உழைப்பு முறையில் உள்ளது. இங்குத் தொழிலாளர் நாட்கூலிக்கு வேலை செய்யவில்லை. சிலர் குழுவாகச் சேர்ந்து, சுரங்கத்தின் குறிப்பிட்ட பகுதியை இவ்வளவு நீளம் குடைந்து தருவதாகவோ, இத்தனை டன் தாது எடுத்துத் தருவதாகவோ மேலாளரோடு விலை பேசி ஒப்புக்கொள்வர். கணக்கு நெடுநாள் கழித்தே தீர்க்கப்படும். அதுவரை குடும்பம் நடத்த முன்பணம் வழங்கப்படும். நரம்பு வளமாக அமைந்தால் குழுவுக்கு ஆதாயம் கிட்டும். வறண்டுவிட்டால் முன்பணமே கடனாகி, அடுத்த ஒப்பந்தத்தின் மீது ஏறும். இம்முறையில் பாதுகாப்பு குறைவு. ஆனால் பாறையின் தன்மையை ஆராய்ந்து, செலவைக் கணக்கிட்டு, பேரம் பேசி, எழுத்தில் ஒப்பமிடும் திறன் ஒவ்வொருவருக்கும் கட்டாயத் தேவையாயிற்று. எண்ணும் எழுத்தும் இவ்வூர்களில் பிழைப்புக்கான கருவிகளாக இருந்தன.

இதோடு லெட்ஹில்ஸில் ஒரு சீர்திருத்தமும் சேர்ந்தது. 1730களின் நடுப்பகுதியில் அங்குள்ள ஸ்காட்ஸ் மைனிங் கம்பெனியின் மேலாளராக ஜேம்ஸ் ஸ்டர்லிங் பொறுப்பேற்றார். பெரிய எண்களின் தொடர்பெருக்கத்தைத் தோராயமாகக் கணக்கிட உதவும் ஸ்டர்லிங் வாய்ப்பாட்டால் இன்றும் கணித மாணவர் அறிந்திருக்கும் அதே கணித அறிஞர்தான் இவர். நிலத்தடி வேலை நேரம் நாளொன்றுக்கு 6 மணி என்றாயிற்று. தொழிலாளர் தாமே வீடு கட்டிக்கொள்ளவும், தரிசு மேட்டைத் திருத்தித் தோட்டம் போடவும் ஊக்கம் அளிக்கப்பட்டது. 1770இல் இறக்கும் வரை அவர் அப்பொறுப்பில் இருந்தார். பிரிட்டனின் பிற சுரங்கங்களில் சூரியனைக் காணாமலே நாள் கழிந்த அக்காலத்தில், இம்மலைவாழ் தொழிலாளருக்கு நாளின் பெரும்பகுதி தம் கையில் இருந்தது. தாது கழுவும் களத்தில் வேலை செய்த சிறுவருக்கும், நீர் உறையும் குளிர்காலத்தில் அவ்வேலை நின்றுவிட்டதால், பள்ளி செல்லும் வாய்ப்பு கிட்டியது.

நூலகம்

இந்த ஓய்வு நேரத்தின் விளைவே நூலகம். 1741 நவம்பரில் லெட்ஹில்ஸ் தொழிலாளர் வாசகர் சங்கம் ஒன்றை அமைத்தனர். நிறுவன உறுப்பினர் 23 பேரில், பள்ளி ஆசிரியரும் திருச்சபைப் போதகரும் தவிர, ஏனையோர் சுரங்கத் தொழிலாளர். உறுப்பினர் செலுத்தும் கட்டணத்தைக் கொண்டு நூல் வாங்கி, அவற்றை அனைவருக்கும் பொதுவுடைமையாக வைத்துப் படிக்கும் இத்தகைய சங்கத்தைச் சந்தா நூலகம் என்பர்; பிரிட்டனில் இவ்வகையில் மிகப் பழமையானது லெட்ஹில்ஸ் நூலகமே. அதைப் பின்பற்றி 1756 நவம்பர் 1ஆம் நாள் வான்லாக்ஹெட் தொழிலாளரும் தமக்கென ஒரு நூலகத்தைத் தொடங்கினர். தலைவர், செயலர், பொருளாளர், நூல்கள் சேதமின்றித் திரும்புகின்றனவா என்று பார்க்கும் ஆய்வாளர் ஆகியோர் உறுப்பினரிடையேயிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டனர். சமய உரைகளோடு வரலாறு, பயண நூல், இயற்கை அறிவியல், இலக்கியம் ஆகியவையும் அலமாரிகளில் இடம்பெற்றன.

1803 ஆகஸ்டில் கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த், அவர் தங்கை டாரதி, கவிஞர் கோலரிட்ஜ் ஆகியோர் இவ்வழியே பயணம் செய்தபோது கண்டவற்றை டாரதி தம் பயணக் குறிப்பில் பதிவு செய்துள்ளார். வான்லாக்ஹெட்டில் எதிர்ப்பட்ட சிறுவர்கள், தாங்கள் பள்ளியில் லத்தீன் படிப்பதாகவும், அவர்களுள் சிலர் கிரேக்கம் படிப்பதாகவும் கூறினர். லெட்ஹில்ஸில் சந்தித்த தொழிலாளர் ஒருவர், தம் நூலகத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பு 30 பவுண்டு விலையுள்ள நூல் ஒன்று வந்திருப்பதாகவும், ஷேக்ஸ்பியர் நூல்களும் இருப்பதாகவும் தெரிவித்தார். மூச்சு வாங்கி எழுவதுபோல் மெல்ல ஏறி இறங்கிய நீரிறைக்கும் பொறி ஒன்றையும் வழியில் கண்ட டாரதி, அதற்கு அறிவு இருப்பதாகவே எண்ணத் தோன்றியதை எழுதியிருக்கிறார்.

நூலகக் கருத்து இக்குன்றுகளோடு நின்றுவிடவில்லை. 1793இல் வெஸ்டர்கர்க் ஊரின் ஆன்டிமனிச் சுரங்கத் தொழிலாளரும் நூலகம் அமைத்தனர். அவ்வூரில் பிறந்து பாலங்களும் கால்வாய்களும் கட்டிப் புகழ்பெற்ற பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டு, தம் உயிலில் அதற்கு நிதி ஒதுக்கினார். நித் பள்ளத்தாக்கில் விவசாயம் செய்துகொண்டிருந்த கவிஞர் ராபர்ட் பர்ன்ஸும் 1793க்குச் சற்று முன்பே தம் ஊரக மக்களுக்காகச் சந்தா நூலகம் ஒன்றை நடத்த உதவினார். அவர் ஒரு குளிர்காலத்தில் வான்லாக்ஹெட் வழியே சென்றபோது, வழுக்கும் பனிக்கட்டியில் நடக்கத் தம் குதிரையின் லாடத்தைக் கூர்செய்து தருமாறு கேட்டு எழுதிய சிறு கவிதையும் உண்டு.

நிலவுடைமையின் பிடி

இவ்வூர் மக்களின் சுதந்திரத்துக்கு ஓர் எல்லை இருந்தது. வீடு அவர்கள் கட்டியது. தோட்டம் அவர்கள் திருத்தியது. ஆனால் மண் அவர்களுடையதன்று. 1843இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை இரண்டாகப் பிளந்தது. போதகரை நியமிக்கும் உரிமை நிலப்பிரபுவுக்கா சபையாருக்கா என்னும் பூசலில், 450க்கும் மேற்பட்ட போதகர்கள் அரசுத் திருச்சபையைவிட்டு வெளியேறி ஃப்ரீ சர்ச் என்னும் புதிய சபையை நிறுவினர். வான்லாக்ஹெட் போதகர் தாமஸ் ஹேஸ்டிங்ஸும் தம் சபையாரில் பெரும்பகுதியினரோடு வெளியேறினார். நிலத்துக்கும் சுரங்கத்துக்கும் ஒருசேர உரிமையாளராக இருந்த பக்ளூ டியூக், புதிய சபைக்கு ஆலயம் கட்ட இடம் தர மறுத்தார். அதனால் அம்மக்கள் பல ஆண்டுகள், மழையிலும் பனியிலும், திறந்த வெளியில் நின்று வழிபட்டனர். இடம் மறுக்கப்பட்ட இத்தகைய ஊர்களின் நிலை 1847இல் பாராளுமன்றக் குழுவின் விசாரணைக்கும் வந்தது. தாமே படித்து, தாமே கூடி, தாமே முடிவெடுத்துப் பழகிய ஒரு தொழிலாளர் சமூகம், வேலையும் குடியிருப்பும் ஒரே கையில் சிக்கியிருந்தும் பணிந்துபோகவில்லை என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

ரயிலும் சரிவும்

குதிரை வண்டிகளையே நம்பியிருந்த ஊருக்கு ரயில் மிகத் தாமதமாக வந்தது. எல்வன்ஃபுட் சந்திப்பிலிருந்து கலிடோனியன் ரயில்வே அமைத்த கிளைப் பாதை 1901இல் லெட்ஹில்ஸையும், 1902இல் வான்லாக்ஹெட்டையும் அடைந்தது. ஏறத்தாழ 456 மீட்டர் உயரத்தைத் தொட்ட இது, பிரிட்டனில் பற்சக்கர உதவியின்றி ஏறிய நிலையான அகலப் பாதைகளுள் மிக உயரமானது. வழியில் ரிஸ்பின் கிளூ என்னும் பள்ளத்தைக் கடக்க, கான்கிரீட்டால் எழுப்பிச் சுட்டசெங்கல் முகப்பிட்ட 8 வளைவுப் பாலம் கட்டப்பட்டது. ஆனால் அதற்குள் வெளிநாட்டு ஈயம் மலிவாக வந்து குவியத் தொடங்கியிருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் விலை வீழ்ந்தது. 1920களின் இறுதியில் லெட்ஹில்ஸ் சுரங்கங்களும், 1934இல் வான்லாக்ஹெட் சுரங்கமும் மூடப்பட்டன. சரக்கில்லாத ரயில் 1938 இறுதியோடு நின்றது. பாலம் 1991இல் தகர்க்கப்பட்டது. 1950களில் சுரங்கத்தை மீண்டும் திறக்க நடந்த முயற்சியும் நிலைக்கவில்லை. ஒரு காலத்தில் பல நூறு பேர் வாழ்ந்த ஊரில் இன்று வசிப்போர் 200க்கும் குறைவு.

எஞ்சியிருப்பதைக் காக்க உள்ளூர் மக்களே முன்வந்தனர். 1974இல் அவர்கள் தொடங்கிய ஈயச் சுரங்க அருங்காட்சியகம், லாக்னெல் சுரங்கப் புழைக்குள் பார்வையாளரை அழைத்துச் செல்கிறது. ஸ்ட்ரெயிட்ஸ்டெப்ஸ் குடில்களும் நூலகமும் அதன் பொறுப்பில் பேணப்படுகின்றன. பழைய ரயில் தடத்தின் ஒரு பகுதியில் ஆர்வலர் குழு ஒன்று குறுகிய பாதை ரயிலை ஓட்டிவருகிறது. நாட்டின் தென்பகுதியைக் கடற்கரையிலிருந்து கடற்கரை வரை கடக்கும் 340 கிலோமீட்டர் நடைபாதையும் இவ்வூர் வழியே செல்கிறது.

வான்லாக்ஹெட் நூலகத்தை மலைநாட்டு மக்களின் இயல்பான அறிவுத் தாகத்துக்குச் சான்றாகக் காட்டுவது எளிது. அது முழு உண்மையாகாது. வேலை நேரம் குறைந்திருந்தது, உழைப்பின் விலையைத் தாமே பேசும் உரிமை இருந்தது, பிள்ளைகளுக்கு ஆண்டில் சில மாதங்களாவது பள்ளி இருந்தது. இம்மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் தொழிலாளர் தம் சொற்பக் காசைப் புத்தகமாக மாற்றினர். இவை இல்லாத சுரங்க ஊர்களிலும் அறிவுத் தாகம் இருந்திருக்கும். அதைத் தணித்துக்கொள்ள நேரம் இருந்திருக்காது. உழைக்கும் மக்களின் ஊர் வரலாற்றை எழுத முற்படுவோர், எத்தனை டன் எடுக்கப்பட்டது, எவ்வளவு ஆதாயம் கிட்டியது என்பவற்றோடு, அவர்களுக்கு நாளில் எத்தனை மணி நேரம் சொந்தமாக இருந்தது என்னும் கேள்வியையும் தவறாமல் எழுப்ப வேண்டும்.